லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிலிப்பினோ திருச்சபை

ஐக்கிய அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரில், யூனியன் அவென்யூ என்னும் தெருவில், பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. நகரத்தார் அதனை 1998ஆம் ஆண்டில் தங்கள் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தனர். அவ்வரிசையில் அதன் எண் 651. காண்போர் வியந்து நிற்கும் பெருங்கட்டடம் அன்று அது. இன்று அதற்குப் பெயர் தந்து நிற்கும் மக்கள் அதனைக் கட்டியவர்களும் அல்லர். பிலிப்பினோ கிறிஸ்தவ சபையார் 1950ஆம் ஆண்டில் அதனை விலைக்கு வாங்கினர். ஆனால் அச்சபை தோன்றியதோ 1928ஆம் ஆண்டில்.

இருபத்திரண்டு ஆண்டுக் காலம் ஒரு சபை தனக்கென ஒரு கூரையின்றி இடம் விட்டு இடம் மாறி வழிபட நேர்ந்தது ஏன்? பணம் இல்லை என்று விடை கூறலாம். அது பாதி விடையே. மற்றப் பாதியை அறிய வேண்டுமானால் கலிபோர்னியாவின் சட்டப் புத்தகத்தையும், அங்குள்ள வயல்களின் அறுவடைக் காலங்களையும், ஓரளவு பிலிப்பைன் தீவுகளின் நிலப்படத்தையும் பார்க்க வேண்டும். தேவாலயக் கணக்குகளில் மட்டும் தேடினால் அது கிடைக்காது. அந்த விடையைத்தான் இன்று நேயர்களுக்கு, சிறப்பாக மாணவ நண்பர்களுக்கு, எடுத்துக்கூற எண்ணுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். பிலிப்பைன் தீவினரை ஆங்கிலேயர் 'ஃபிலிப்பினோ' என அழைக்கின்றனர். அத்தீவுகளின் தலையாய மொழிகளுள் ஒன்றான தகாலோக்கில் 'ஃப' என்னும் ஒலி இயல்பாக இல்லை. நம் மொழியிலும் இல்லை. ஆதலால் நாம் எழுதும் 'பிலிப்பினோ' என்னும் வடிவம் அவர்கள் நாவில் வழங்கும் வடிவத்தோடு ஒத்தே இருக்கிறது. இந்த ஓரெழுத்து வேறுபாடு பிற்காலத்தில் ஓர் இளைஞர் இயக்கத்தின் பெயரிலேயே இடம்பெற்றது. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

பிலிப்பைன் தீவுகள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தன. மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கராயினர். 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பாரிசு நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, ஸ்பெயின் இருபது மில்லியன் டாலர் பெற்றுக்கொண்டு அத்தீவுகளை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. தீவு மக்களை யாரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. புதிய ஆட்சியின் பின்னாலேயே அமெரிக்கச் சீர்திருத்தச் சபைகளின் போதகர்களும் வந்து இறங்கினார்கள். ஒரே ஊரில் நாலு சபைகள் போட்டியிட்டால் யாருக்கும் நன்மை இல்லை என்று உணர்ந்து, அச்சபைகளுட் பல 1901ஆம் ஆண்டில் மணிலா நகரிற் கூடி, தீவுகளைத் தங்களுக்குள் வட்டாரம் வட்டாரமாகப் பங்கிட்டுக்கொண்டன. மணிலாவுக்கு வடக்கேயுள்ள சமவெளி மெத்தடிஸ்டுகளுக்கு. பனாய்த் தீவும் அதன் அயலும் பாப்டிஸ்டுகளுக்கு. இவ்வாறு சென்றது பங்கீடு. இதனால் ஒரு விந்தை விளைந்தது. சீர்திருத்தச் சபை எதனிலேனும் சேர விரும்பிய பிலிப்பினோ ஒருவர் எந்தச் சபையைச் சேர்வார் என்பதை அவருடைய மனச்சான்றைக் காட்டிலும் அவர் பிறந்த ஊரே பெரிதும் முடிவு செய்தது!

லூசோன் தீவின் வடமேற்குக் கரையில் இலோகோஸ் என்னும் நாடு உண்டு. ஒரு புறம் கடல், மறு புறம் மலை; இடையே குறுகிய நிலம். மக்களோ மிகுதி. தந்தையின் வயல் மக்களுக்குப் பிரிந்து, பேரருக்கு மேலும் பிரிந்து, வரப்புகளே மிஞ்சும் நிலை. இந்நாட்டார் உழைப்புக்கும் சிக்கனத்துக்கும் பேர்பெற்றவர்கள். வெளியூர் சென்று பிழைப்பதில் அச்சம் அற்றவர்கள். இங்கேதான் 'கிறிஸ்துவின் சீடர்கள்' என்னும் அமெரிக்கச் சபையின் போதகர்கள் தங்கள் பணியைப் பெரிதும் ஊன்றினார்கள். கலிபோர்னியாவுக்குச் சென்ற பிலிப்பினோக்களிற் பெரும் பகுதியினர் இலோகோஸ் நாட்டார். எனவே, லாஸ் ஏஞ்சல்ஸ் பிலிப்பினோக்களிடையே எழுந்த முதற் சபைகளுள் ஒன்று அந்தச் சீடர் சபையோடு இணைந்ததில் வியப்பில்லை என்றே எண்ணுகிறேன்.

அச்சீடர் சபையின் அமைப்பைப் பற்றிச் சிறிது கூறினால்தான் மேலே வருவது விளங்கும். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கக் காடு திருத்திக் குடியேறிய எளிய மக்களிடையே தோன்றியது. ஆயர்களும் பேராயர்களும் அடுக்கடுக்காய் அமைந்த ஆட்சிமுறை அதற்கில்லை. ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும். ஞாயிறுதோறும் திருவிருந்து உண்டு. அத்திருவிருந்தை நடத்துவதற்கு அபிடேகம் பெற்ற குரு ஒருவர் வந்தே தீரவேண்டும் என்பதில்லை. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களே அப்பத்திற்கும் இரசத்திற்கும் நன்றி கூறி வழங்கலாம். விவரம் அறிந்து விசுவாசம் சொல்பவரையே நீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பர். காடுகளில் நாற்பது கல்லுக்கு ஒரு போதகரும் அகப்படாத காலத்தில் வகுத்த ஏற்பாடு இது. நூறாண்டு கழித்து, ஓட்டற் சமையலறையிலும் கீரை வயலிலும் வேலை பார்த்த பிலிப்பினோ இளைஞர்களுக்கும் அது வாய்ப்பாயிற்று. ஓர் அறை, ஒரு மேசை, ஒரு வேதப்புத்தகம், நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று மூத்தவர்கள் இருந்தால் போதும், சபை நடக்கும்.

இனி அவர்கள் வந்த கதைக்கு வருவோம். 1906ஆம் ஆண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டக்காரர்கள் 15 பிலிப்பினோத் தொழிலாளரைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். அப்பதினைவரின் பின்னே ஆயிரக்கணக்கானோர் சென்றனர். 1920க்குப் பின் கலிபோர்னியாவும் அவர்களை ஈர்த்தது. 1920ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கலிபோர்னியாவில் இருந்த பிலிப்பினோக்கள் 2,674 பேர். 1930இல் 30,470 பேர். பத்தாண்டில் பதினோரு மடங்கு! சீனரும் சப்பானியரும் வருவதற்குச் சட்டம் தடை விதித்திருந்தது. பிலிப்பினோக்களுக்கு அத்தடை இல்லை. காரணம், அவர்கள் அமெரிக்கக் கொடியின் கீழ் வாழ்ந்தவர்கள். ஆனால் குடிமக்களும் அல்லர். 'தேசத்தார்' என்று ஒரு நடுப்பெயர். அயல்நாட்டாரும் இல்லை, உள்நாட்டாரும் இல்லை என்னும் அந்தத் திரிசங்கு நிலையை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இச்சபையின் வரலாற்றில் பின்னர் வரும் இடர்களிற் பெரும்பாலானவை அதிலிருந்தே பிறந்தன.

வந்தவர்கள் யார்? பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர். பகலில் உழைத்து இரவிற் படிக்கலாம் என்ற கனவோடு வந்தவர் அவர்களுட் பலர். ஊரில் அமெரிக்க ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள். சுதந்தரம், சமத்துவம் என்ற பாடங்களை நெட்டுருப் பண்ணியவர்கள். பெண்கள் மிகச் சிலரே. 1930இல் கலிபோர்னியாவின் பிலிப்பினோக்களிடையே ஏறத்தாழ 14 ஆடவருக்கு ஒரு பெண் என்ற விகிதமே இருந்தது. திருச்சபை என்றால் நமக்கு என்ன நினைவு வருகிறது? தாய்மார், குழந்தைகள், ஞாயிறு பள்ளி, திருமணம். அவை எதுவும் இல்லாத ஒரு மக்கட்கூட்டத்தில் சபை அமைப்பது என்றால் எப்படி?

மேலும் ஒரு தொல்லை: அவர்கள் ஓரிடத்தில் நில்லார். ஸ்டாக்டன் வட்டாரத்தில், நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவான ஆஸ்பராகஸ் தண்டு வெட்டும் பருவம் இளவேனிலில் வரும், அங்கே போவார்கள். கோடை வந்தால் ஒரு பகுதியினர் அலாஸ்காவுக்குக் கப்பலேறி, சால்மன் மீனைத் தகரக் குவளைகளில் அடைக்கும் ஆலைகளில் வேலை செய்வார்கள். சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் கீரை, டெலானோவில் திராட்சை என்று மற்றையோர் சுற்றுவார்கள். குளிர்காலத்தில் வயல் வேலை அருகும்போது நகரத்துக்குத் திரும்புவார்கள். இத்தகையோரைக் கொண்ட சபையில் உறுப்பினர் பட்டியல் ஆற்று மணலில் எழுதிய எழுத்தைப் போன்றதே. சனவரியில் பாடியவர் மே மாதத்தில் முந்நூறு கல் தொலைவில் இருப்பார். மாதச் சந்தா, கட்டட நிதி, தவணைக் கடன் என்பவற்றை எல்லாம் நிலைத்த குடிகளை நம்பியே வகுக்க முடியும். பயிரின் பருவத்தோடு நகரும் மக்களை நம்பி எந்த வங்கி கடன் தரும்?

நகரத்தில் தங்கியவர்கள் ஓட்டல்களில் தட்டுக் கழுவினர், பணக்கார வீடுகளில் சமையல் பார்த்தனர், தோட்டம் காத்தனர், சிலர் ஆலிவுட் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாய்த் தலைகாட்டினர். முதலாம் தெருவும் மெயின் தெருவும் கூடும் இடத்தைச் சுற்றி இருந்த 'சின்ன மணிலா'வே அவர்கள் உலகம். முடிதிருத்தகம், சோற்றுக்கடை, பந்தாட்ட மேசைக்கூடம், மலிவான தங்குமிடம் எல்லாம் அங்கே இருந்தன. நடனக் கூடங்களும் இருந்தன. பத்து சென்ட் சீட்டு ஒன்று வாங்கினால் ஒரு பாட்டு முடியும்வரை ஒரு பெண்ணுடன் ஆடலாம். ஒரு வாரக் கூலி ஒரே இரவிற் கரைந்துபோகும். இக்கூடங்களைப் பற்றிப் பாதிரிமார்கள் பலமாகக் கண்டித்தனர். கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும், தாயும் தங்கையும் மனைவியும் இல்லாத ஊரில், ஒரு மனிதக் குரல் தன்னோடு பத்து நிமிடம் பேசக் கேட்பதற்காகக் கூலியைக் கொடுத்த இளைஞனை வெறும் ஒழுக்கக்கேடன் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. நடனக் கூடம் எந்தப் பசிக்குக் கடை விரித்ததோ, அதே பசிக்கு வேறு விதமாக உணவு அளிக்க வேண்டியதாயிற்று சபைக்கு.

1928ஆம் ஆண்டில் அவர்கள் அமைத்ததற்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: 'பிலிப்பினோ கிறிஸ்தவத் தோழமை'. திருச்சபை என்று துணிந்து பெயரிடவில்லை. தோழமை என்றே தொடங்கினர். இளம் போதகர் சில்வெஸ்டர் மொராலெஸ் அதன் முன்னோடி. வெவ்வேறு தீவுகளிலிருந்து வந்து, இலோகானோ, தகாலோக், விசாயன் என வெவ்வேறு மொழி பேசியவர்களுக்குப் பள்ளியிற் கற்ற ஆங்கிலமே பொதுப் பாலம். ஐந்தாண்டு கழித்து, 1933இல், தோழமை 'பிலிப்பினோ கிறிஸ்தவ சபை' ஆயிற்று.

அந்த 1933ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னரே காற்று கெட்டிருந்தது. 1930ஆம் ஆண்டு சனவரியில் வாட்சன்வில் என்னும் சிற்றூரில் வெள்ளையர் கூட்டம் ஐந்து நாள் பிலிப்பினோக்களைத் தேடித் தேடி அடித்தது. தொழிலாளர் குடிசை ஒன்றின்மேல் சுட்ட குண்டு, பெர்மின் தொபேரா என்ற 22 வயது இளைஞரின் உயிரைக் குடித்தது. வேலைப் போட்டி ஒரு காரணம். பிலிப்பினோ இளைஞர் வெள்ளைப் பெண்களோடு நடனமாடினர் என்னும் ஆத்திரம் அதனினும் பெரிய காரணம். பொருளாதார மந்தம் அந்த ஆத்திரத்துக்கு நெய் வார்த்தது.

கலிபோர்னியாச் சட்டம் வெள்ளையருக்கும் 'மங்கோலியருக்கும்' இடையே திருமணத்தைத் தடுத்திருந்தது. பிலிப்பினோக்கள் மங்கோலியரா? லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பிலிப்பினோ இளைஞரும் ஒரு வெள்ளைப் பெண்ணும் மணச்சீட்டு மறுக்கப்பட்டு வழக்காடினார்கள். மேல்முறையீட்டு மன்றம் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சியில் இறங்கியது. சட்டம் இயற்றிய 1880ஆம் ஆண்டில், மனித இனம் ஐந்து வகை என்று கூறிய செருமானிய அறிஞர் புளூமன்பாக்கின் பகுப்பே நிலவியது. அதில் மலாயர் வேறு, மங்கோலியர் வேறு. ஆகவே மலாய் இனத்தவரான பிலிப்பினோக்களுக்குத் தடை இல்லை என்று 1933ஆம் ஆண்டு சனவரியில் தீர்ப்பளித்தது. மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அவ்வாண்டே சட்டமன்றம் கூடி, 'மலாய் இனத்தவர்' என்ற சொற்களையும் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தோழமை திருச்சபையாக மாறிய அதே ஆண்டில், அத்திருச்சபையார் தமக்கு இசைந்த பெண்ணை மணக்க நினைத்தாலும் பெரும்பாலோர்க்கு இயலாதென்று சட்டம் சொல்லிற்று. சொந்த இனப் பெண்களோ இல்லை. மற்றவரை மணக்கவோ வழி இல்லை. வசதி உள்ள சிலர் வாஷிங்டன், நியூ மெக்சிகோ போன்ற வேறு மாநிலங்களுக்குப் பயணம் செய்து மணந்து வந்தனர். ஏனையோர் பிரமசாரிகளாகவே நரைத்தனர்.

அடுத்த அடி 1934இல் விழுந்தது. பிலிப்பைன் தீவுகளுக்குப் பத்தாண்டில் விடுதலை தருவதாக அமெரிக்கப் பேராயம் சட்டம் செய்தது. அது நல்ல செய்தியே. ஆனால் அதே சட்டத்தின் மறுபக்கத்தில், இனிப் பிலிப்பினோக்கள் அயல்நாட்டார். ஆண்டுக்கு 50 பேருக்குமேல் குடியேறலாகாது என்றும் எழுதியிருந்தது. அதற்கடுத்த ஆண்டு, திரும்பிப் போகிறவர்களுக்குக் கப்பற் கட்டணம் இலவசம் என்றது அரசு; போனால் ஐம்பதில் ஒருவராக வரிசையில் நிற்காமல் மீண்டு வரமுடியாது. இச்சலுகையை ஏற்றுச் சென்றவர் ஏறத்தாழ 2,200 பேர்தாம். கையில் ஒன்றும் சேராமல் ஊருக்குத் திரும்புவதை மானக்கேடாகக் கருதியது ஒரு காரணம் என்பர். புதியவர் வரவு நின்றது, பழையவர் போகவில்லை. இப்படி வாயில் அடைபட்ட ஒரு மக்கட்கூட்டத்துக்குள்ளேதான் இச்சபை தன் முதல் இருபதாண்டைக் கழித்தது.

இலோகானோ மொழியில் 'மனோங்' என்றால் அண்ணன். முதலில் வந்த அத்தலைமுறையினர் அனைவரையும் பின்னாளில் மனோங் என்றே அழைக்கலாயினர். உறவு இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் உறவு ஏற்படுத்திக்கொண்டனர். பிலிப்பினோ மரபில் குழந்தைக்கு ஞானப்பெற்றோராய் நிற்பவர் அதன் பெற்றோருக்கு உடன்பிறந்தார் போன்றவர். ஊரில் ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று ஞானத்தந்தையர் இருந்தால் அமெரிக்காவில் பத்து, இருபது என்று பெருகினர். ஏனெனில் குழந்தைகள் சில, தந்தை ஆக ஏங்கிய ஆடவர் பலர். அக்காலத்தில் அங்கே பிறந்த ஒரு சிறுவனுக்கு மாமன்மார் கணக்கற்றோர். நாட்டுப்பற்றுக்கும் இடம் இருந்தது: தேசத் தியாகி ஓசே ரிசால் 1896இல் சுட்டுக் கொல்லப்பட்ட டிசம்பர் 30ஆம் நாள், அமெரிக்காவிலிருந்த பிலிப்பினோக்களுக்கு ஆண்டின் பெருவிழா. கிறிஸ்துமசுக்கு ஐந்து நாள் பின்னே வருவதாலும், குளிர்காலத்தில் எல்லாரும் நகரில் இருந்தமையாலும், சமய விழாவும் தேச விழாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நடந்தன.

போர் வந்தது. 1941 டிசம்பரில் சப்பானியர் பிலிப்பைன் தீவுகளைத் தாக்கினர். நேற்றுவரை வேண்டாதவர்களாயிருந்த மனோங்குகள் இன்று தோழர்களாயினர். 1942இல் கலிபோர்னியாவில் முதற் பிலிப்பினோக் காலாட்படை அமைந்தது. 1943இல், பீல் படைமுகாம் மைதானத்தில் அணிவகுத்து நின்றவாறே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் குடியுரிமை உறுதிமொழி எடுத்தனர். அவர்களுட் பலர் பின்னர்த் தாய்நாட்டில் போரிட்டு, மீளும்போது மனைவியரோடு மீண்டனர். பத்து ஆண்டுப் பிரசங்கமும் மாற்றாத ஆண் பெண் விகிதத்தை இது மாற்றத் தொடங்கிற்று.

இதன் பின் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கலிபோர்னியாவின் அயலார் நிலச் சட்டம் பிலிப்பினோக்களைக் கட்டுப்படுத்தாது என்று அம்மாநில உச்ச மன்றம் 1945இல் தீர்த்தது. 1946 சூலையில் பேராயம் இயற்றிய சட்டம் பிலிப்பினோக்கள் அனைவருக்கும் குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. இச்சட்டம் நமக்கும் அயலானதன்று. அதே சட்டம், அதே கையெழுத்தில், அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியர்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அதன்வழிக் குடியுரிமை பெற்ற பஞ்சாபியர் தலீப் சிங் சௌந்து, 1956இல் கலிபோர்னியாவிலிருந்தே பேராயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிற்க. இன்னின்ன இனத்தாருக்கு வீட்டை விற்பதில்லை என்று கிரயப் பத்திரங்களில் எழுதும் வழக்கம் அந்நாட்டு நகரங்களில் இருந்தது. அவ்வாசகங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் கூறியது. அவ்வாண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் கலப்பு மணத் தடையும் வீழ்ந்தது. அவ்வழக்கைத் தொடுத்த இணையர் பிலிப்பினோக்கள் அல்லர். ஒருவர் மெக்சிக வழியினர், மற்றவர் நீக்ரோ. இருவரும் கத்தோலிக்கர். எங்கள் திருச்சபை எங்களை மணமுடிக்க ஒப்புகிறது. அதைத் தடுக்கும் சட்டம் எங்கள் சமய உரிமையைத் தடுக்கிறது என்பது அவர்கள் வழக்கறிஞர் எடுத்து வைத்த வாதம்.

1945, 1946, 1948, பிறகு 1950. இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடும். குடும்பம் உண்டான பின்னரே ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகள் உண்டாயினர். குடியுரிமையும் நிலையான வேலையும் வந்த பின்னரே தவணை கட்ட ஆள் கிடைத்தது. விற்பவர் மறுக்கும் வழி அடைபட்ட பின்னரே வாங்குபவருக்கு வாயில் திறந்தது. யூனியன் அவென்யூவில் பிலிப்பினோக்கள் வாங்கிய கட்டடத்தின் சாவி, தேவாலயச் சாவி மட்டும் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வாங்கிய இடமும் பொருத்தமாய் அமைந்தது. சின்ன மணிலாவும், அதனை அடுத்துப் பிலிப்பினோக்கள் குடியிருந்த பங்கர் குன்றும் நகரச் சீரமைப்பின் பெயரால் பையப் பைய அழிந்தன. குன்றின் வீடுகளை எல்லாம் இடித்து உயர்ந்த அலுவலகங்கள் கட்டும் திட்டத்துக்கு 1959இல் நகர மன்றம் இசைவளித்தது. மக்கள் மேற்கே டெம்பிள் தெரு, பெவர்லி சாலைப் பக்கம் பெயர்ந்தனர். ஆலயம் அவர்களுக்கு முன்னரே அங்குச் சென்று காத்திருந்தது போலாயிற்று. பெரும்பான்மையரான கத்தோலிக்கருக்கும் அவ்வட்டாரத்திலேயே புனித கொலும்பன் ஆலயம் அமைந்தது. பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றில் அது தொடங்கிற்று. பிறர் விட்டுச்சென்ற கட்டடத்தில் தம் வழிபாட்டை ஏற்றுவதில் இரு சபையாரும் ஒன்றுபட்டனர்!

1965ஆம் ஆண்டு மற்றொரு திருப்பம். செப்டம்பர் 8ஆம் நாள் டெலானோவில் முதிய மனோங்குகள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்கள் தலைவர் லாரி இட்லியோங். ஒரு மாதம் ஆகுமுன், அக்டோபர் 3ஆம் நாள், நாட்டுக்கு நாடு வேறுபட்ட பழைய குடியேற்ற ஒதுக்கீட்டை நீக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. செவிலியர், மருத்துவர், கணக்கர், பொறியாளர் என்று படித்த பிலிப்பினோக்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினர். எண்ணிக்கை பெருகிற்று; சபைகளும் பெருகின. 1914இல் பிலிப்பைன் நாட்டிலேயே தோன்றிய 'இக்லேசியா நி கிறிஸ்டோ' என்னும் சபை 1968இல் ஹவாயில் தன் முதல் வெளிநாட்டுக் கிளையை நாட்டியது. அச்சபையின் நிறுவனர் பெலிக்ஸ் மனாலோ முன்னொரு காலத்தில் சீடர் சபையிலும் சில ஆண்டு இருந்தவர் என்பது சுவையான செய்தி.

புதியவர் வருகை எல்லாருக்கும் எளிதாக இல்லை. ஊதா நிறச் செங்கல்லும் பழைய செங்கல்லும் ஒரே சுவரிற் பொருந்த நாளாகும். மருத்துவமனையில் வெள்ளை உடையணிந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கும், நாற்பதாண்டு கீரை வெட்டி முதுகு வளைந்த மனோங்குக்கும் தாய்மொழி ஒன்று. அமெரிக்கா வேறு வேறு. நடுவே மூன்றாவது கூட்டம் ஒன்று: அங்கேயே பிறந்து, தகாலோக்கும் இலோகானோவும் அறியாது வளர்ந்த பிள்ளைகள். இம்மூன்றாம் கூட்டத்திலிருந்து வந்தவர்தாம் போதகர் மொராலெசின் மகன் ராயல் மொராலெஸ். 1932இல் பிறந்து, அக்கணக்கற்ற மாமன்மார் நடுவே வளர்ந்தவர். சமூகப்பணி பயின்று, தெருவில் திசை தெரியாது திரிந்த பிலிப்பினோ இளைஞர்களிடையே உழைத்தார். 1972இல் அவரும் நண்பர்களும் ஓர் இளைஞர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சிபா' என வரும். காலால் உதைத்து ஆடும் பிலிப்பினோ ஆட்டம் ஒன்றின் பெயர் அது. அப்பெயரிலுள்ள 'பிலிப்பினோ' என்னும் சொல்லை ஆங்கில 'ஃப' இன்றி, 'ப' எழுத்திட்டே அவர்கள் எழுதினார்கள். தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட ஓரெழுத்துக் கதை இதுதான். 1974இல் மொராலெஸ் 'மக்கிபாக்கா' என்ற தலைப்பில் தம் மக்களின் அமெரிக்க வரலாற்றை நூலாக எழுதினார். போராட்டத்திற் சேர் என்பது அச்சொல்லின் பொருள். பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் அவ்வரலாற்றையே கற்பித்தார். மாணவர்கள் அவரை 'ராய் மாமா' என்று அழைத்தனர்.

அவர் 2001ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், யூனியன் அவென்யூ ஆலயம் நிற்கும் அவ்வட்டாரத்துக்கு 'வரலாற்றுச் சிறப்புடைய பிலிப்பினோ நகர்' என்று மாநகர மன்றம் பெயரிட்டது. அதற்குள் பிலிப்பினோக் குடும்பங்களிற் பெரும்பாலானவை கார்சன், மேற்குக் கோவினா முதலிய புறநகர்களுக்குப் பெயர்ந்துவிட்டன. இன்று அத்தெருக்களில் மிகுதியாகக் குடியிருப்பவர் மெக்சிகோவிலிருந்தும் நடு அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்த மக்களே.